இவாசேயின் கிண்ணம் மட்டும் ஒட்டவில்லை

"டீச்சர்! என் தட்டுல தங்கம் பிடிச்சிருச்சு! சீக்கிரம் வந்து பாருங்களேன்!"

ஒனோதெரா அம்மாள் போட்ட கூச்சலில் மேசை அதிர்ந்தது. மூன்று துண்டாகக் கிடந்த அவளுடைய நீலத் தட்டு முழுசாகிவிட்டது. உடைந்த இடமெல்லாம் மெல்லிய பொன் கோடு ஓடிற்று.

தமாகி டீச்சர் ஓடி வந்தாள். "ஐயோ, எவ்வளவு அழகா வந்திருக்கு! அக்கா, மூச்சு விடாதீங்க, தங்கத்தூள் பறந்துடும்!"

"தட்டு போனா போகட்டும், மூச்சு விடாம நான் போயிடப் போறேன்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கனசாவா நகரத்துச் சமூகக்கூடத்தின் மாடியில் அன்று யாருக்கும் உட்காரப் பொறுமையில்லை. உடைந்த பாத்திரத்தை, ஈரத்தில் மட்டுமே இறுகும் ஒருவகை மரப்பால் அரக்கால் ஒட்டி, ஒட்டிய தழும்பின் மேல் தங்கம் தூவும் வகுப்பு அது. கடைசி நாள் என்பதால் எல்லோர் கையிலும் தங்கம். சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் கிண்ணத்தை ஒருவர் எட்டிப் பார்த்து ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள்.

இவாசே மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நாற்பது வயது, குடைக் கம்பெனியில் வேலை, இன்னும் கல்யாணமாகவில்லை. அவன் அம்மாவின் தேநீர்க் கிண்ணத்தை மெல்லத் தூக்கினான். பாதி கிண்ணம் நழுவி மேசையில் விழுந்தது.

"மறுபடியுமா!" ஒனோதெரா அம்மாள் தலையில் கை வைத்தாள். "தம்பி, இந்த ஊர்ல துவைச்ச துணி காயாது, நனைஞ்ச செருப்பு காயாது. ஈரத்துல இறுகுற அரக்கு இங்க இறுகலைன்னா வேற எங்கதான் இறுகும்?"

"என் கைராசி அப்படி அக்கா" என்று இவாசே கழுத்தைச் சொறிந்தான்.

வாராவாரம் இதே கதைதான். ஒட்டிய பாத்திரத்தை ஈரத்துணி விரித்த பெட்டியில் வைத்து மூடி, அங்கேயே அலமாரியில் விட்டுப் போவார்கள். அடுத்த சனிக்கிழமை வந்து திறந்தால் எல்லோருடையதும் கல் மாதிரி இறுகியிருக்கும். இவாசேயுடையது மட்டும் பிசுபிசுவென்று இருக்கும். மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு டீச்சர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பசையைச் சுரண்டி, மாவையும் அரக்கையும் புதிதாகக் குழைத்து, முதல் பாடத்திலிருந்து திரும்பச் சொல்லிக் கொடுப்பாள்.

இன்று அதற்கும் வழியில்லை. அடுத்த வாரத்திலிருந்து இந்த மாடி நடனக் குழுவுக்கு. அதைவிடப் பெரிய விஷயம், இவாசேக்கு நகோயா கிளையில் மேனேஜர் பதவி காத்திருந்தது. "அம்மா கிண்ணத்தை முடிச்சிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்புவேன்" என்று அவன் பிடிவாதமாகச் சொல்லி வைத்திருந்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கம்பெனி, வருகிறாயா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லிவிட்டது.

"மேனேஜர் வேலையைக் கோட்டை விடப் போறீங்களா தம்பி? உங்க கிண்ணத்துல தங்கம் ஏறாம நான் வீட்டுக்குப் போக மாட்டேன், ஆமா!" என்றாள் ஒனோதெரா அம்மாள். டீச்சர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் சும்மா நிக்கிறீங்களே!"

"நான் என்ன பண்றது அக்கா? நம்ம அவசரம் அரக்குக்குத் தெரியுமா?" துடைத்த தூரிகையையே டீச்சர் மறுபடி துடைத்தாள்.

"கோளாறு அரக்குல இல்ல. அந்தப் பெட்டியிலதான் என்னமோ இருக்கு."

ஒனோதெரா அம்மாள் விடுவிடுவென்று அலமாரிக்குப் போனாள். இவாசே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அக்கா! அதைத் தொடாதீங்க! அக்கா!"

அதற்குள் அவள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். துணிக்கு அடியிலிருந்து பொலபொலவென்று கொட்டின, காய்ந்த கடற்பாசி டப்பாவுக்குள் நமுத்துப்போகாமல் இருக்கப் போடுவார்களே, அந்தக் குட்டிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'தின்னக் கூடாது' என்று கொட்டை எழுத்து.

"ஈரப்பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற பொட்டலமா! எந்தப் புண்ணியவான் வேலை இது?"

இவாசே மேசையில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க. நான்தான் போட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"கிண்ணம் ஒட்டிட்டா நகோயாவுக்குப் போயிடணும்... எல்லாரும் போனப்புறம் டீச்சர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுப்பாங்க... அது..."

கூடமே கைதட்டிற்று. யாரோ சீட்டி அடித்தார்கள். ஒனோதெரா அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடப் பாவி! பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பார்த்திருக்கே நீ!"

டீச்சர் மட்டும் தூரிகையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஆனா ஒண்ணு இடிக்குதே" என்றாள் ஒனோதெரா அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "டீச்சர்தான் தினம் வந்து எல்லாப் பெட்டித் துணியையும் சொட்டச் சொட்ட நனைக்கிறாங்க. இத்தனூண்டு பொட்டலம் அவ்வளவு தண்ணியையுமா குடிச்சிருக்கும்?"

பெட்டித் துணியை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். சுக்காகக் காய்ந்திருந்தது. எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லார் துணியையும் நனைச்சேன்" என்றாள் தமாகி டீச்சர், முகமெல்லாம் சிவக்க. "அவர் துணிய மட்டும் ஒரு நாள்கூட நனைக்கல."