நடு ரோடு

"இந்தக் காலத்துல எவனுக்கும் எதையும் பொதுவுல வெச்சுப் பொழங்கத் தெரியறதில்லீங்க! ஊட்டுக்குள்ள ஆளுக்கொரு ரூம்பு, கைக்கொரு போனு. இப்ப ரோட்டுலயும் தனித் தடம் வேணுமாம்!"

மைக் இல்லாமலேயே பெரியவரின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போய் இடித்தது. பட்டுக்கடை சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆர்.எஸ்.புரத்துக் கடைவீதியில் ஓரமாகக் கம்பம் நட்டு, சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒதுக்கலாமா என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. பாதை வந்தால் சென்னகிருஷ்ணனின் கடை வாசலில் கார் நிறுத்த இடமிருக்காது. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காரை எங்கோ விட்டுவிட்டு வெயிலில் நடந்தா வருவார்கள்? அடுத்த வீதிக் கடைக்குத் திருப்பிவிடுவார்கள். அதை அவரே எழுந்து சொன்னால் வியாபாரி புத்தி என்பார்கள். சொல்ல ஓர் ஆள் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு, சாமி கொடுத்தது போலக் கிடைத்தார் இந்தப் பெரியவர்.

எழுபதைத் தாண்டிய உடம்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வேட்டியின் வலது ஓரத்தில் மட்டும் கறுப்பாக மசகு. டிராக்டர்க் கறை என்று சென்னகிருஷ்ணன் முடிவு கட்டினார்.

சைக்கிள் சங்கத்து லோகப்பிரியா, கையில் தலைக்கவசத்தோடு எழுந்தாள்.

"ஏனுங்க ஐயா, எங்க கூட ஓட்டற ஒருத்தர பஸ் இடிச்சுப்போட்டுதுங்க. இன்னும் கட்டில உட்டு எந்திரிக்கல. தனிப்பாதை இருந்திருந்தா..."

"பஸ்ஸ ஓட்டுனவனப் புடிச்சுக் கேளு அம்மணி. இடிச்சவன் நடுவுல போவான், அடிபட்டவன் ஓரமா ஒதுங்கிப் போகோணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

முதல் கைதட்டல் சென்னகிருஷ்ணனுடையது. பின்னாலேயே நகைக்கடைக்காரர்களும் தட்டினார்கள்.

"கம்பம் நடறதே பாதுகாப்புக்குத்தானுங்க" என்றார் மாநகராட்சி இன்ஜினியர்.

"ஆட்டுக்குத்தானுங்க பட்டி போடுவாங்க. மனுசனுக்கு எதுக்கு?"

மண்டபமே சிரித்தது. லோகப்பிரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"காருல போறவங்களுக்கு எங்க பயம் எப்படிங்க தெரியும்? உங்க ஊட்டு வாசல்ல எத்தனை கார் நிக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்!"

பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்காரத் திரும்பினார்.

"இப்படி வாங்க, இங்க வந்து உக்காருங்க" என்று சென்னகிருஷ்ணன் தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்தே கொடுத்தார். காபி வரவழைத்தார். மெதுவாகக் குனிந்து கேட்டார்.

"நமக்கு எந்தப் பக்கமுங்க?"

"சூலூருப் பக்கமுங்க."

"எந்தத் தோட்டமுங்க?"

"பெரிய தோட்டமுங்க."

அதற்கு மேல் சென்னகிருஷ்ணன் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. தோட்டம் காடு வைத்து ஆண்ட வம்சமாக இல்லாவிட்டால் இந்தக் குரல் எங்கிருந்து வரும்?

"நம்ம ஆளுங்க எந்திரிச்சுப் பேசுனாத்தானுங்க எடுபடுது" என்று பெரியவரின் தொடையைத் தட்டினார்.

பெரியவர் காபியைக் குடித்தார்.

கூட்டம் கலையும்போது இன்ஜினியர் மைக்கைப் பிடித்தார். "எதிர்ப்பு பலமா இருக்கறதால, இந்த வீதிக்கு மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வெக்கறோமுங்க."

சென்னகிருஷ்ணன் பெரியவரைக் கையோடு வாசலுக்கு அழைத்து வந்து, தன் காரின் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க. தோட்டத்துலயே கொண்டுபோயி உட்டுப்போட்டு வாரேன்."

"அந்தப் பக்கம் போயே ரொம்ப வருசமாச்சுங்க. என்ற வண்டி பொறகால நிக்குது."

மண்டபத்துக்குப் பின்னால் போன பெரியவர், கேரியரில் கீரைக்கட்டு ஏற்றிய ஒரு பழைய சைக்கிளோடு திரும்பி வந்தார். சென்னகிருஷ்ணனின் கை கார்க் கதவிலேயே நின்றுவிட்டது.

லோகப்பிரியா ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்களே சைக்கிளுங்களா! அப்பறம் ஏனுங்க வேண்டாம்னீங்க? ஓரமாத் தனிப்பாதை உங்க நல்லதுக்குத்தானுங்களே!"

"பெரிய தோட்டத்துல நான் பண்ணையாளா இருந்தப்பவும் இதத்தான் சொன்னாங்க அம்மணி. 'எங்க ஊடுக இருக்கற வளவு வழியா சைக்கிள்ல ஏறிப் போவாத மாசாணம், வேலியோரமா உங்களுக்குன்னு தனித் தடம் உட்டிருக்குது, எறங்கித் தள்ளிட்டுப் போ, உன்ற நல்லதுக்குத்தான்'னு."

"ஐயா, இது அப்படியில்லீங்க. இது எல்லாருக்குமுங்க..."

"இருக்கும் கண்ணு. எனக்கு நம்பிக்கையில்ல."

மாசாணம் அவள் விரல்களை மெல்ல விலக்கினார். ஓர் அடி கூடத் தள்ளாமல், மண்டப வாசலிலேயே காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். பின்னால் சென்னகிருஷ்ணனின் கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வர, அவர் திரும்பியும் பார்க்காமல் நடு ரோட்டில் நிதானமாக மிதித்துப் போனார்.