கம்பியில் படாத வில்

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ‘இசையால் வாழ்வை மாற்றுவோம்’ என்ற பேனரின் ஒரு மூலை மறுபடியும் பிய்ந்து தொங்குகிறது. அதை ஒட்ட டீச்சருக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து நின்று கால் கடுக்கிறது, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்குக் கச்சேரி. பிள்ளைகளின் வயலின்களோ ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. முன்வரிசைச் சிறுமியின் விரல்கள் மட்டும் பிசகாமல் ஓடுகின்றன. டீச்சர் குனிந்து காதைக் கொடுக்கிறார். சத்தமே இல்லை. வில் கம்பிக்கு மேலே மயிரிழை உயரத்தில் போய் வருகிறது.

“என்னடா கண்ணு, வில்லு கம்பியில படவே இல்லையே?”

“வீட்ல இப்படித்தான் வாசிப்பேன் டீச்சர். ஒரே ரூம். அம்மா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்குவாங்க.”

“இங்க யாரு தூங்குறாங்க?”

சிறுமி கண்ணால் காட்டுகிறாள். கடைசி பெஞ்சில், அடுத்த ஷிஃப்டுக்கான சீருடையோடு, காலி வயலின் பெட்டியில் தலை சாய்த்து, அவள் அம்மா அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறாள். டீச்சர், மெதுவாக வாசிக்கச் சொல்லி எல்லோருக்கும் கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்கிறார். வில்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டு எழும்பி, காற்றிலேயே வாசிக்கின்றன. அதை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் அவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.