ஒன்பது மணி, நாற்பது அடி

“பதினோரு மணி, அறுபது அடி. நல்ல பெரிய சீலா மீன். தெரியுதா?” என்றார் சைரஸ், படகின் பின்மேடையில் கழியை ஊன்றியபடி.

“தெரியுது,” என்றார் படகின் மூக்கில் தூண்டிலோடு நின்ற ஃபெர்கஸ்.

 காட்டிய சைரஸுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஆண்ட்ரோஸ் தீவின் முழங்கால் ஆழக் கடலில் முப்பது வருஷமாக விருந்தாளிகளுக்கு மீன் காட்டிய கண்கள் அவை. இரண்டு வருஷமாக வெயிலும் உப்பும் சேர்ந்து அவற்றில் பாலை ஊற்றிவிட்டன. இப்போது கடல் முழுக்க அவருக்கு ஒரே மோர். படகு மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்துத் திசை சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். சைரஸ் நீரோட்டத்தையும் நாரையின் சத்தத்தையும் நம்பிப் பாதி மணி சொல்வார்; மீதி வாய்க்கு வந்த மணி.

போன வாரம் ஒரு மரக்கட்டையை சீலா என்று காட்டி, ஒரு டாக்டரை முக்கால் மணி நேரம் தூண்டில் வீச வைத்துவிட்டார். டாக்டர் புகார் எழுதிவிட்டுப் போனார். விடுதி நடத்தும் ஒன்றுவிட்ட அக்கா ஆல்தியா இன்று காலையில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

“இன்னைக்கும் மீன் இல்லைன்னா கழியை வெச்சிட்டு சமையக்கட்டுக்கு வந்துடு. வெங்காயம் உரிக்கும்போது எப்படியும் கண்ணை மூடிக்கத்தான் வேணும்.”

ஃபெர்கஸ் வீசினார். பச்சை நூலில் கட்டிய பொய்மீன் சரியாகப் பதினோரு மணியில், அறுபதாவது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. அங்கே மீன் இல்லை என்பது வேறு விஷயம். சொன்ன மணியில், சொன்ன அடியில் வீசிய ஆளை சைரஸ் இதுவரை சந்தித்ததில்லை. மற்றவர்கள் மீனைப் பார்த்ததும் பதறிப்போய், பெரும்பாலும் சைரஸின் தொப்பியைத்தான் பிடிப்பார்கள்.

“போயிடுச்சு,” என்றார் சைரஸ்.

“ஆமா. வாலைப் பாத்தேன்,” என்றார் ஃபெர்கஸ்.

இல்லாத மீனுக்கு வால் எங்கிருந்து வந்தது? ஒருவேளை இருந்திருக்குமோ? இருந்திருக்கும். இந்த ஸ்காட்லாந்துக்காரருக்குக் கழுகுக் கண் போலிருக்கிறது. அப்படியானால் தன் குட்டு உடைய அதிக நேரம் ஆகாது என்று சைரஸுக்கு வேர்த்தது.

மத்தியானம் ரொட்டியையும் பொரித்த சங்குக் கறியையும் எடுத்தார்கள். சைரஸ் நீட்டிய ரொட்டி ஃபெர்கஸின் கைக்குப் போகாமல் கடலுக்குப் போனது.

“அலை,” என்றார் சைரஸ் அவசரமாக.

“ஆமா, பெரிய அலை.”

கடல் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. காலையில் ஃபெர்கஸ் பெண்டாட்டி கையைக் கோத்துக்கொண்டு துறைக்கு வந்தபோதே சைரஸ் நினைத்தார், தங்கமான மனுஷன் என்று. இவரைப் போய் வெறுங்கையோடு அனுப்புவதா? வெங்காயத்தைவிட அதுதான் அதிகமாகக் கண்ணைக் கரித்தது.

வெயில் சாயும்போது ஃபெர்கஸ் தலையை லேசாகச் சாய்த்தார்.

“சைரஸ், ஒன்பது மணி. நாப்பதடி இருக்கும். பொடிமீனை எதுவோ துரத்துது, இல்ல?”

சைரஸ் திரும்பினார். மோர். ஆனால் காதைத் தீட்டியதும் சலசலப்பு அவருக்கும் கேட்டது.

“அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். வீசுங்க. இப்ப இழுங்க. வேகமா. இன்னும் வேகமா. சோம்பேறித் தீனியை சீலா தொடாது.”

தண்ணீர் கிழிந்தது. நூல் வீலென்று அலறிக்கொண்டு ஓடியது. கால் மணி நேரம் இருவரும் மாறி மாறிக் கத்தியதில் நாரைகள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயின. கடைசியில் சைரஸ் தடவித் தடவி வாலைப் பிடித்துவிட்டார். நாலடி சீலா. கொக்கியைக் கழற்றியதும் ஃபெர்கஸ் கேட்டு வாங்கி, முதுகிலிருந்து வால்வரை நிதானமாக இரண்டு தடவை வருடிவிட்டுத் தண்ணீரில் விட்டார். மீன்மேல் இவ்வளவு பிரியமா என்று சைரஸ் நினைத்துக்கொண்டார்.

துறையில் காத்திருந்த ஆல்தியாவிடம் ஃபெர்கஸ் படகில் நின்றபடியே சொன்னார். “அடுத்த வருஷமும் இவர்தான் வேணும். வேற யார் படகுலயும் ஏற மாட்டேன்.”

“அப்ப வெங்காயத்துக்கு நான்தான்,” என்று முனகிக்கொண்டே ஆல்தியா உள்ளே போனாள்.

ஃபெர்கஸின் மனைவி மோராக் வந்து அவரைக் கைகொடுத்து இறக்கிக்கொண்டாள். சைரஸ் குனிந்து கயிற்றைக் கட்டும்போது, துறைப் பலகைகளை ஏதோ ஒன்று டக், டக் என்று தட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. கூடவே மோராக்கின் குரல்.

“உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொன்னா ஏத்திப்பாரா? அதுக்குத்தானே குச்சியை உன்கிட்ட குடுத்துட்டுப் போனேன்,” என்றார் ஃபெர்கஸ். “ஆனா கழுகுக் கண்ணு, மோராக், அந்த மனுஷனுக்கு. எந்த நிமிஷம் கண்டுபிடிச்சிடுவாரோன்னு நாள் முழுக்க எனக்கு உதறல்.”