நல்ல பிடி

"மாடி ரூமுக்குப் புதுசா வந்தவன் சரியில்லைங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க டூட்டி டூட்டின்னு ஓடுறீங்க. இங்க வீட்டுக்குள்ளயே திருடன்! டார்ச்சுல சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்திக்கிட்டிருக்கான். 'எண்ணெய் தடவுன மாதிரி வழுக்குதுடா. இருட்டுல வேலை செய்யறப்ப கைநழுவி விழுந்து, ஒரு பொம்பளை அலறிட்டாங்க'ன்னு போன்ல சொன்னதை என் காதால கேட்டேன்."

போலீஸ்காரர் லத்தியோடு இரண்டிரண்டு படியாகத் தாவினார். மனைவியும் பின்னாலேயே ஓடினாள்.

"இருட்டுல என்னடா வேலை உனக்கு?"

டார்ச்சில் சுற்றிய ட்யூபின்மேல் நூலை இறுக்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்தான்.

"தியேட்டர்ல சார். லேட்டா வர்றவங்களுக்கு டார்ச் அடிச்சு சீட் காட்டுவேன்."

மனைவியின் முகத்தில் அசடு வழிந்தது. அவனோ போலீஸ்காரரையே உற்றுப் பார்த்தான்.

"சார், நீங்களா! போன புதன்கிழமை மேட்னி ஷோவுல இந்த டார்ச் உங்க மடியிலதானே விழுந்துச்சு? வெளிச்சம் நேரா உங்க மூஞ்சியில அடிச்சுது. மன்னிச்சுக்கங்க அக்கா. பாவம், சார் தோள்ல சாஞ்சிருந்த நீங்க அலறி எழுந்துட்டீங்க. இருட்டுல உங்க முகத்தைச் சரியாப் பார்க்கலை."

அவள் தியேட்டர் பக்கம் போய் நான்கு வருடம் ஆகிறது.

டார்ச்சை வாங்கி அழுத்திப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்ல பிடி தம்பி," என்றாள், கணவரைப் பார்த்தபடி. "இனிமே நழுவவே முடியாது."