நீல மூடி

முதலாளி யூரியா கேனைத் தூக்கி டீசல் டேங்கில் சாய்ப்பதை, எதிர்ப்புறப் பஞ்சர் கடையிலிருந்து அவன் பார்த்துவிட்டான்.

டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

புத்தம்புது லாரி. பழைய வண்டிகள் புகை கக்குகின்றன, இனி ஊருக்குள் விடமாட்டோம் என்று சட்டம் வந்த பிறகு, அழுதுகொண்டே முதலாளி வாங்கியது. புகையைச் சுத்தம் பண்ண இதில் தனியாக ஒரு சின்ன டேங்க் உண்டு. யூரியாத் தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டும். டீசலில் கலந்து, அது தெரியாமல் இன்ஜினையும் ஓட்டிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர், பைப் எல்லாம் போச்சு. பெரும் தண்டம் அழாமல் வண்டிக்கு மறுபடி உயிர் வராது.

நீல மூடியில் ஊற்றுங்கள் என்று கம்பெனிக்காரன் சொல்லித்தான் அனுப்பியிருப்பான். ஆனால் உலகத்து டிரைவர்கள் அத்தனை பேரும் திருடர்கள் என்று நம்புகிறவர் முதலாளி. நேற்றுதான் டீசல் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி மாட்டியிருந்தார். அதுவும் நீலம். இப்போது அடுத்தடுத்து இரண்டு டேங்க், இரண்டுக்கும் நீல மூடி.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவனும் ஒரு காலத்தில் அந்த முதலாளியிடம் லாரி ஓட்டியவன்தான். இப்போது அவனுக்குப் பேர் 'டீசல் திருடன்'. வைத்தவர் முதலாளி. அந்தப் பேர் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருவரும் அவனை ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. மகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது. மனைவியின் தம்பி, "மாமா வர்றாரு, பைக்கப் பூட்டுங்கடா" என்று எல்லார் முன்னாலும் பல்லிளித்தான்.

இந்த மனுஷன் நாசமாய்ப் போகவேண்டும் என்று அவன் வேண்டாத நாளில்லை.

இருந்தும் வண்டிக்காரன் புத்தி எங்கே போகும்? கால் தானாக ரோட்டைக் கடந்தது.

"மொதலாளி, அந்த டேங்க்..."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு புது வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்த முதலாளி, அவனைக் கண்டதும் டேங்கை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"ஏய், டேங்க் பக்கமே வராத! இரு மாப்ள, பழைய திருட்டு நாய் ஒண்ணு வந்து நிக்குது, தொரத்திட்டுப் பேசறேன்."

நாக்கு நுனிவரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். நல்லது. இனிமேல் காலில் விழுந்து கேட்டாலும் சொன்னேனா பார்.

முதலாளி கேனைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். சிக்கனக்காரர் ஆயிற்றே!

அதற்குள் புது டிரைவர் கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலை நரைத்த மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவர் கை வண்டிச் சாவிக்குப் போனதைப் பார்த்ததும் பஞ்சர்காரன் கேபின் பக்கம் ஓடினான்.

வேண்டாம். இவர் வேண்டாம்.

"அண்ணே, பின்னாடி உள்டயர்ல ஆணி மாதிரி தெரியுது. கொஞ்சம் எறங்கிப் பாருங்க."

ஆணியாவது ஒன்றாவது. ஆனால் புது டயர் என்றால் எந்த டிரைவருக்கும் பதறும். அவர் இறங்கி வந்து குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தால்தானே அதிசயம்.

"வண்டிய ஒரு சுத்து உருட்டுனாத்தான் அடிப்பக்கம் தெரியும்" என்றான் அவன், பொதுவாகக் காற்றைப் பார்த்து.

லோடுக்கு நேரமாகிறது என்று இருவரையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே முதலாளி தாமே கேபினில் ஏறினார். சாவியைத் திருப்பினார்.

வண்டி உறுமியது. டயர் உருண்டது. பின்னால் புகை என்று பேருக்குக்கூட இல்லை. கொஞ்ச தூரம் போய், ஷெட் வாசலைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை குலுங்கியது. அப்புறம் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ திருப்புங்க மொதலாளி."

அவன் குரலில் அவ்வளவு பணிவு.

முதலாளி திருப்பினார். மறுபடியும் திருப்பினார். உள்ளே பம்ப் அரைபடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷமாக எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தான்!

டேங்கின் ஓரத்தில் வழிந்திருந்ததைப் புது டிரைவர் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"மொதலாளி, இது யூரியாங்க..."

பக்கத்து ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். முதலாளிக்கு முகம் வெளுத்தது. கண் ஒருமுறை காலி கேனைப் பார்த்தது, ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தது. பிறகு கை நேராகப் புது டிரைவரை நோக்கி நீண்டது.

"டேய்! டிரைவர் நீதானடா? என் வண்டிய என்னடா பண்ணித் தொலச்ச?"

டிரைவர் இரண்டடி பின்வாங்கினார்.

பஞ்சர்காரன் கையைத் துடைத்துக்கொண்டு கேபின் கதவருகில் போய் நின்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"சாவி யாரு கையில இருக்கு மொதலாளி?"

விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலந்த டீசலை வாங்கித் தம் கையாலேயே ஊற்றி அனுப்பிவிட்டு, வண்டி பாதி வழியில் செத்து நின்றதும், நல்ல டீசலை விற்றுத் தின்றவன் எவன் என்று இதே கூட்டத்தின் முன்னால் விசாரணை வைத்து, முதலாளி அன்றைக்கு அவனிடம் கேட்டதும் இந்த ஒரே ஒரு கேள்விதான்.