அக்கா வீட்டுத் திருடன்

இதை எனக்கு முதலில் சொன்னது சேய்னி. போன ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, சர்ச்சில் நாங்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது. அவள் புருஷன் சையாவை எங்கள் டோங்கா கிராமமே திருடன் என்று ஏசி முடித்திருந்த சமயம் அது.

சையாவின் அக்கா லூப்பே. ஆறு பெற்றவள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு கர்ப்பப்பை இறங்கிப்போயிருந்தது. ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகத் தண்ணீர் சுமந்தாள், கிழங்கு மூட்டை சுமந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது சேய்னி.

"ரெண்டு மாசம் கனமா எதையும் தூக்காதீங்க. தூக்கினா மறுபடி இறங்கிடும்," என்றாள் டாக்டர்.

லூப்பே தலையாட்டினாள். டாக்டர் அந்தப் பக்கம் போனதும், "வர்ற மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். சீர் வைக்கிற மரப்பட்டைத் துணிய யாரு அடிப்பா, இந்த டாக்டரம்மாவா?" என்றாள்.

"அண்ணி, அவங்க சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. உன் புருஷன் காதுல மட்டும் போட்டுடாத. வயித்து வலின்னு சொல்லு."

அது சரிதான். அக்காவின் உடம்பைப் பற்றித் தம்பி அவளிடம் வாய் திறப்பது இங்கே கிடையாது. அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்த லூப்பே வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பட்டையை மேலே போட்டு அடிக்கிற நீள மரக்கட்டையைக் காணோம். சமையல் கொட்டகையில் இரும்பு அண்டா இல்லை. வாளிகள் இல்லை. கோடாலிகூட இல்லை.

"எல்லாம் உன் தம்பி வேலைதான்," என்றான் அவள் புருஷன் மாக்கா. "நேத்து வண்டியோட வந்தான். என்னடா இதுன்னு கேட்டேன். ஏத்திட்டுப் போயிட்டான்."

தம்பி வீட்டில் அக்கா எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அது அவள் உரிமை. அக்கா வீட்டில் தம்பி கை வைப்பது மட்டும் யாரும் கேள்விப்படாதது.

"நான் செத்துட்டேன்னு நெனச்சானா? பாகம் பிரிக்க வந்தானா?" என்றாள் லூப்பே.

"நான்ல சீரழியறேன். வாளி இல்லாம கெட்டில்ல தண்ணி கொண்டார்றேன். பாக்கறவன்லாம் சிரிக்கறான்," என்றான் மாக்கா.

"சிரிக்கட்டும். இத்தனை வருஷம் நான் சுமந்தப்ப எவன் சிரிச்சான்?"

சையா வழக்கப்படி தன் தோட்டத்து முதல் கிழங்கை அக்காவுக்கு அனுப்பினான். அதைத் திருப்பி அனுப்பினாள். சேய்னியின் பெண்கள் தினமும் சமைத்த மீன் கொண்டுவந்தார்கள். அதைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் வழக்கம்போல சையா பைபிள் வாசித்தான். முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது லூப்பே சத்தமாகவே சொன்னாள்.

"அக்கா வீட்டுல திருடினவன் பைபிள் வாசிக்கறான். நல்லாக் கேட்டுக்குங்க."

சையா தரையைப் பார்த்தபடி நின்றான். அதற்கப்புறம் அவனை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை.

அப்படியும் அவளுக்கு ஆறவில்லை. கல்யாணம் நெருங்குகிறது, துணி ஒரு முழம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் மெதுவாக நடந்து தம்பி வீட்டுக்கே போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் சையா பின்பக்கமாகத் தோட்டத்துக்கு நழுவிவிட்டான்.

"எங்க என் சாமான்?"

சேய்னி கொட்டகையின் மூலையில் ஒரு பாயை விலக்கினாள். கட்டை, அண்டா, வாளிகள், கோடாலி. அண்டாவுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

லூப்பேக்குப் புரியவில்லை. "ஒரு நாள்கூட அடுப்புல ஏத்தலையா?"

"எதுக்கு அண்ணி? எங்ககிட்ட அண்டா இல்லையா?"

"பின்ன என்னத்துக்கு எடுத்தான், அழகு பாக்கவா?"

"எடுத்ததையே பேசறீங்க. உங்க வீட்டுல எதை விட்டுட்டு வந்தார்னு பாத்தீங்களா?"

லூப்பே யோசித்தாள். கெட்டில். தட்டுகள். பாய்கள். விசிறி. ஒரு கையால் எடுக்கக்கூடியது எல்லாமே வீட்டில் அப்படியே இருந்தது.

சேய்னி பக்கம் திரும்பினாள்.

"நீ டாக்டர் சொன்னத அவன்கிட்ட சொல்லிட்ட."

"சொன்னேன். நீங்களே போயி தூக்காதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னேன். அக்காகிட்ட அதை எப்படிப் பேசுவேன்னார். எந்திரிச்சுப் போயி வண்டிய எடுத்தார்."

"என் பொண்ணு கல்யாணத் துணி?"

"என் கட்டையில நானும் பொண்ணுங்களும் அடிச்சு முடிச்சாச்சு. உள்ள மடிச்சு வெச்சிருக்கு."

லூப்பே அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோபம் மட்டும் போக இடம் தெரியாமல் நின்றது.

"அத்தனை பேர் முன்னால திருடன்னேனே. அப்பவாவது வாயத் திறந்திருக்கலாம்ல அவன்?"

"திறந்தா ஊரே உங்க உடம்பப் பத்திப் பேசும் அண்ணி. அதுக்குத் திருடன்ங்கற பேரே தேவலைன்னுட்டார்."

உங்கள் தெருவிலும் இந்த ஆபரேஷன் முடிந்து ஒருத்தி வீட்டுக்கு வந்திருப்பாள். அந்தப் பக்கம் போனால், அவள் வாளியை எடுத்து ஒளித்து வையுங்கள்.