நத்தைக்கு ஓர் உயிர் கூடுதல்

"வலு இல்லாதவங்க சண்டைக்கே வரக் கூடாதா, சித்தி?" என்று அக்கா மகள் என்றோ கேட்ட கேள்விதான் ஜாஸ்மினை இப்படி உட்கார வைத்திருக்கிறது. தி. நகர் புடவைக்கடையின் மூன்றாவது மாடியில், சாப்பாட்டு அறை ஜன்னல் வெயிலில், புடவைப் பெட்டி அட்டையின் பின்புறம் கணக்குப் போடுகிறாள். கைப்பேசிச் சண்டை விளையாட்டில் அவளுடைய நத்தைப் பூதம் கொம்பை ஆட்டுகிறது. எதிரே பில் கவுண்டர் ராகேஷின் நெருப்புப் பறவை. தோற்றால் நத்தையை அழித்துவிட வேண்டும் என்பது பந்தயம். "இன்னா ஜாசு, நத்தைக்குப் பால் ஊத்த நாள் பாத்துக்கினு கீறியா?" என்கிறான் ராகேஷ். எலுமிச்சை சாத டப்பாக்களைச் சுற்றிச் சிரிப்பு.

அவள் நிமிரவில்லை. பறவை ஓங்கி அடித்தால் நூற்று நாற்பத்திரண்டு புள்ளி போகும். நத்தையின் உயிரும் சரியாக நூற்று நாற்பத்திரண்டு. அடியைத் தாங்கி நின்றால் அதை இரண்டு மடங்காகத் திருப்புவதுதான் நத்தையின் ஒரே வித்தை. வேகத்துக்குக் கொடுத்திருந்த பயிற்சிப் புள்ளிகளில் எட்டைப் பிடுங்கி உயிரில் சேர்க்கிறாள்; எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உயிர் ஒன்று கூடுகிறது. "நத்தைக்கு எதுக்குடா வேகம்? அடி, பாப்போம்." கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொள்கிறாள். பறவை அடிக்கிறது, திரை சிவக்கிறது. ஒற்றைப் புள்ளி உயிரோடு நிற்கும் நத்தை, வாங்கிய அடியை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறது. பறவை விழுகிறது. ராகேஷின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நிற்கிறது.

ஜாஸ்மினின் சாப்பாட்டு நேரம் முடிந்து கால் மணியாகிவிட்டது. படியிறங்கி ஓடுகிறாள். சாப்பிடக்கூடப் போகாமல் அவளுடைய விற்பனை மேசையையும் பார்த்துக்கொண்டிருந்த சந்திரிகா, "ஜெயிச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போகிறாள். சந்திரிகாவின் மேசையில் பிரித்துப்போட்ட புடவைகள் மலையாகக் கிடக்கின்றன. ஆளில்லாத அந்தப் பக்கம் போய், ஒவ்வொன்றாக மடித்து அடுக்கி, கடைசிப் புடவையின் ஓரத்தை நீவிவிட்டு, சந்திரிகா வருவதற்குள் ஜாஸ்மின் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறாள்.